பசையைத் திட்டாதீர்கள்

செஞ்சி வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும், பழைய காரை விற்க மனசில்லாமல் வைத்துக் காப்பாற்றுகிற நம்மூர்க்காரர்களுக்கும்,



போன அமாவாசைக்கு மேல்மலையனூர் போக உங்கள் ஸ்டாண்டிலிருந்துதான் வண்டி எடுத்தேன். பின் சீட்டில் நானும் என் மனைவியும் பேத்தியும். வளத்தி தாண்டுவதற்குள் மனைவி தலையில் வைத்திருந்த கதம்பம் எதிலோ மாட்டிக்கொண்டது. அண்ணாந்து பார்த்தேன். ரூஃப் துணி தூளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அது தலையில் விழாமலிருக்க, நோட்டீஸ் பலகையில் குத்துகிற பின்களை வரிசையாகக் குத்தியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், 23 பின். நடுவில் இரண்டு கோட்டுப் பொத்தான் வேறு. வண்டி ஓட்டிய தம்பி, பின்னால் வருகிற பஸ்ஸைக் கண்ணாடியில் பார்க்க ஒவ்வொரு தடவையும் குனிந்து நிமிர்ந்தார். "ரெண்டு தடவை ஒட்டிட்டேன் ஐயா, நிக்க மாட்டேங்குது. இப்ப வர்ற பசையெல்லாம் டூப்ளிகேட்" என்றார்.

அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறவரிடம் பாடம் நடத்தக்கூடாது. ஆனால் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் அந்தப் பின்கள்தான் கண்ணில் நின்றன. ஸ்டாண்டில் இறங்கி மற்ற வண்டிகளையும் எட்டிப் பார்த்தேன். ஒன்றில் செல்லோ டேப். ஒன்றில் ஸ்டேப்ளர் பின். ஒன்றில் பசை ஊறி, துணி முழுக்கத் தேமல் மாதிரி திட்டுத் திட்டாய். அதனால்தான் அவர் ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் யார் என்று கேட்பீர்கள். குஷன் கடை வைத்திருந்தவன். சென்னை புதுப்பேட்டையில் பையனாகச் சேர்ந்து, ஊசி பிடிக்கக் கற்று, பிறகு ஊருக்கு வந்து கடை போட்டேன். இப்போது கண் சரியில்லை, கடையும் இல்லை. உங்களில் மூத்தவர்கள் சிலருடைய வண்டியில் என் தையல் இன்னும் இருக்கலாம்.

நான் கை வைத்த முதல் ரூஃப் அம்பாசடருடையது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அப்படியே எடுத்து, 1957 வாக்கில் தொடங்கி, வங்காளத்து உத்தர்பாராவில் செய்துகொண்டே இருந்தார்கள். 2014 மே மாதம்தான் அங்கே உற்பத்தி நின்றது. அந்த வண்டியின் ரூஃபில் பசைக்குப் பெரிய வேலை கிடையாது. துணியையோ ரெக்ஸினையோ பட்டை பட்டையாக வெட்டி, தையல் வரிசையில் பாவாடை நாடாவுக்கு விடுகிற மாதிரி ஒரு குழல் விட்டு, அதில் இரும்புக் கம்பியைக் கோத்து, கம்பியின் இரண்டு முனையையும் கூரையின் ஓரத்தில் மாட்டுவோம். பிறகு ஓரத்தை இழுத்து மடித்துப் பீடிங்குக்கு அடியில் சொருகுவது. அவ்வளவுதான். நூல் இற்றால் கிழியும், வளைஊசியால் தைத்துக்கொள்ளலாம். துணி மொத்தமாகத் தொங்கியது என்று ஒருவர்கூட வந்ததில்லை. தொங்குவதற்கு அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

பிறகு வந்த வண்டிகளில் கம்பி போய்விட்டது. அட்டையையும் நாரையும் அழுத்தி, கூரையின் வடிவத்துக்கே வார்த்த ஒரு பலகை வந்தது. அதன் மேல் துணி. அந்தத் துணியின் முதுகில் மெல்லிய ஸ்பாஞ்ச். தொழிற்சாலையில் பசை போட்டு ஒரே அழுத்து. பார்க்க அழகு, தொட்டால் மெத்து. பத்துப் பன்னிரண்டு வருஷம் போனதும் ஒன்றொன்றாய் என் கடைக்கு வந்து தலைகாட்ட ஆரம்பித்தன.

முதலில் வந்த வண்டியை நான் கெடுத்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. பழைய செடான் ஒன்று. துணி பின்பக்கம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. "நாளைக்குக் காலையில் சவாரி, ராத்திரிக்குள் முடியுமா?" என்று கேட்டார் வண்டிக்காரர். முடியும் என்றேன். துணியை விலக்கினேன். பலகை மேல் மஞ்சளாய் ஒரு மாவு படிந்திருந்தது. துடைத்தேன் என்று பேருக்கு ஒரு துடை. மேலே பசை அடித்து, துணியை இழுத்து ஒட்டி, ராத்திரி ஒன்பது மணிக்குச் சாவியைக் கொடுத்தேன். கூலியும் வாங்கினேன். அது சித்திரை. கத்திரி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு நாள் மத்தியானம் அவர் கடைவாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். துணி முழுதும் அவர் தலைக்கு மேல் முக்காடு போட்டிருந்தது. "உன் பசை சரியில்லை" என்று கத்தினார். நானும் அதைத்தான் நம்பினேன். பசை விற்ற கடைக்காரரிடம் போய்ச் சண்டையும் போட்டேன்.

குற்றம் பசை மேல் இல்லை என்று எனக்கு விளக்கியவர் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஒரு வாடிக்கையாளர். கீழே கிடந்த துணியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். நான் அடித்த பசை பலகையிலும் துணியிலும் படிந்து கெட்டியாய்த்தான் இருந்தது. நடுவில் இருந்த மஞ்சள் மாவுதான் இரண்டாகப் பிளந்திருந்தது. பாதி மாவு மேலே, பாதி கீழே. பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. நான் அதை மாவின் மேல் ஒட்டியிருக்கிறேன்.

அந்த மாவுதான் ஒரு காலத்தில் ஸ்பாஞ்ச். அதற்குப் பெயர் பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்த பொருள். நம் மெத்தை, சோபா, வண்டி சீட்டு எல்லாவற்றிலும் அதுதான் வேறு வேறு ரகமாக இருக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்து தாக்கினால் அதன் கட்டு உள்ளேயே அறுந்துபோகும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு பொடியும். கல்யாணத்துக்கு வாங்கி, அட்டைப்பெட்டியில் பத்திரமாய் வைத்த ஷூவை ஏழெட்டு வருஷம் கழித்து எடுத்துப் போட்டால் நாலு அடியில் அடிப்பாகம் பிய்த்துக்கொண்டு வருகிறதே, அதுவும் இதே கதைதான். உபயோகித்துக் கெட்டதில்லை, சும்மா இருந்தே கெட்டது.

நம்மூரில் இது சீக்கிரம் நடக்க வேறு காரணம் வேண்டாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையும் பாறையாய் நிற்கிற ஊர். பகலில் குடித்த வெயிலை அந்தப் பாறைகள் பொழுது சாய்ந்த பிறகும் கக்கிக்கொண்டே இருக்கும். வெளியில் 40 டிகிரி என்றால், கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 60ஐத் தாண்டும். கூரைத் தகட்டை ஒட்டிய இடம் அதைவிடக் கொதிக்கும். அந்தச் சூடு போதாதென்று ஐப்பசி, கார்த்திகை மழை. 2024 நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பக்கத்தில் மயிலத்தில் மட்டும் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டியதே, அப்போது கதவுப் பீடிங் வழியாக ஈரம் ஏறின வண்டிகள் எத்தனை! வறுத்து, பிறகு ஆவியில் வேகவைத்தால் எந்த ஸ்பாஞ்ச்தான் தாங்கும்?

ஆக, இனி வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். துணி விட்டிருக்கிற இடத்தின் ஓரத்தில் ஒரு விரலை உள்ளே நுழைத்து, துணியின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். அமுங்கித் திரும்ப எழும்பினால் ஸ்பாஞ்சுக்கு உயிர் இருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் பசை விட்டுத்தான் இருக்கும். கதவோரம், கண்ணாடியோரம் இப்படி நாலு விரல் அகலம் விட்டிருந்தால் பீடிங்கைத் தளர்த்தி, அங்கே மட்டும் பசை தடவி ஒட்டிக்கொள்ளலாம். விரலில் கடலை மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் அது செத்துவிட்டது. இன்றைக்கு ஒரு இடம் தொங்கினால் நாளைக்கு எல்லா இடமும் தொங்கும். ஊசி போடுகிற சிரிஞ்சில் பசை ஏற்றித் துணி வழியாகக் குத்துகிற வித்தை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பசை துணியில் ஊறிக் கறை விழும், மாவும் அப்படியே இருக்கும்.

செத்த ஸ்பாஞ்சுக்கு ஒரே வைத்தியம்தான். முழுசாகக் கழற்ற வேண்டும், முழுசாகச் சுரண்ட வேண்டும், புதுத் துணி போட வேண்டும். எப்படி என்று சொல்கிறேன். நீங்களே செய்யப் போகிறீர்கள் என்பதற்காக இல்லை. கடைக்காரர் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு உள் லைட்டை எடுக்க வேண்டும். பிறகு சன் வைசர், கைப்பிடிகள், கதவுகளைச் சுற்றின பீடிங், பில்லர் கவர்கள். பில்லர் கவரில் எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அங்கே குஷன் கடைக்காரர் கை வைக்கக் கூடாது, கம்பெனி மெக்கானிக்தான் கழற்ற வேண்டும். முன் சீட்டைச் சாய்த்துவிட்டு, இரண்டு பேர் பிடித்துப் பலகையைக் கதவு வழியாகவோ டிக்கி வழியாகவோ வெளியே எடுக்க வேண்டும். மடக்கினால் அங்கேயே முறியும். முறிந்த கோடு பிறகு எத்தனை துணி போட்டாலும் தெரியும்.

பலகையை மேசையில் மல்லாத்திப் போட்டுத் துணியை உரித்ததும் கண்ணுக்குத் தெரிகிற அந்த மஞ்சள் மாவுதான் மொத்த வேலையும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம், பலகையின் தோலையே உரித்துவிடும். துணி துவைக்கிற பிரஷ் போதும். தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கையில் ஒன்றும் ஒட்டாமல் போகிற வரைக்கும் இது முடியாது. மூலைகளிலும் லைட் பள்ளத்திலும் கட்டைவிரலால் உருட்டி உருட்டித்தான் எடுக்க முடியும். தண்ணீர் ஊற்றிக் கழுவலாமே என்று தோன்றும். ஊற்றினால் பலகை உப்பிப்போகும். இந்தச் சுரண்டலுக்கு மட்டும் அரை நாள் போகும். அது கண்ணுக்குத் தெரியாத அரை நாள். துணி போட்டபின் சுரண்டிய பலகையும் சுரண்டாத பலகையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். கத்திரி வரும்போதுதான் தெரியும்.

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பொருக்குத் தட்டின சுவரின் மேல் அப்படியே புதுச் சுண்ணாம்புப் பூச்சு பூசினால் நிற்குமா? கொத்தனார் முதலில் கொத்தி எறிவார், ஈர்க்குமாற்றால் தூசியைத் தட்டுவார், அப்புறம்தான் கரண்டியைத் தொடுவார்.

பசை விஷயத்துக்கு வருகிறேன். மரவேலைக்கு வாங்குகிற வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. நீர் கலந்த பசை, சூட்டில் இளகிவிடும். ரெக்ஸினுக்கும் ஸ்பாஞ்சுக்கும் என்று தேன் நிறத்தில் டின்னில் வருகிற ரப்பர் பசை, நாங்கள் எஸ்.ஆர். என்று சொல்வது, அதில் சூடு தாங்குகிற ரகம் கேட்டு வாங்க வேண்டும். அதைப் பலகையிலும் தடவ வேண்டும், துணியின் ஸ்பாஞ்ச் முதுகிலும் மெல்லிசாய்த் தடவ வேண்டும். உடனே ஒட்டக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தால், பிசுக்கு இருக்க வேண்டும், நூலிழுக்கக் கூடாது. அதுதான் பதம். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் துணியில் ஊறிக் கறை. இந்தப் பசையின் வாடை தலை சுற்ற வைக்கும், ஆவி தீப்பிடிக்கும். கதவு ஜன்னல் திறந்த இடத்தில்தான் வேலை, பீடியும் ஊதுபத்தியும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

துணி வாங்கும்போது முதுகில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் ஒட்டியதாக வாங்குங்கள். வெறும் துணியை ஒட்டினால் பலகையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் மேலே தெரியும். ஓரத்தில் மடித்துப் போடத் தாராளமாய் இருக்கட்டும். பலகையின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, துணியின் ஒரு பாதியை மடக்கிவைத்து, அடுத்த பாதியை நடுக்கோட்டிலிருந்து ஆரம்பித்து ஒட்ட வேண்டும். தோசை வார்க்கிற மாதிரி நடுவிலிருந்து வெளியே தேய்க்க வேண்டும். பள்ளம் வருகிற இடத்தில் துணியைத் தளர்த்தி விட்டு முதலில் பள்ளத்துக்குள் அமுக்க வேண்டும். பள்ளத்தின் மேல் இழுத்துக் கட்டினால் ஒரு வாரத்தில் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். பதம் வந்த பசையில் பட்டது பட்டதுதான், பிய்த்து மறுபடி ஒட்ட முடியாது. முடிந்ததும் ஒரு ராத்திரி நிழலில் கிடக்க வேண்டும். மறுநாள்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

கதவுப் பேட் துணி பிதுங்கியிருக்கிற வண்டிகளுக்கும் இதே வைத்தியம்தான். கூடுதலாக ஒன்று பாருங்கள். பேடைக் கழற்றினால் உள்ளே கதவுத் தகட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். கண்ணாடி வேலைக்காகக் கழற்றுகிற மெக்கானிக்குகள் அதைக் கிழித்துத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் பேடைத் தொடாமல் காப்பது அந்த ஷீட்தான். அது இல்லாமல் புதுத் துணி போட்டால் ஒரு மழைக்குத்தான் நிற்கும்.

இப்போது உங்களிடம் கேட்க வந்த விஷயம்.

நான் அந்த முதல் வண்டியைக் கெடுத்ததற்கு அறியாமை பாதிக் காரணம். மீதிப் பாதி, "ராத்திரிக்குள் முடியுமா?" என்ற கேள்வி. காரணம் தெரிந்த பிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. இரண்டு நாள் ஆகும் என்று நான் சொன்னால், ஒரே நாளில் தருகிறேன் என்று சொல்கிற கடைக்கு வண்டி போய்விடும். சுரண்ட ஒரு ஆள் கூலி போட்டால், "மாவைத் துடைக்கிறதுக்கா இவ்வளவு?" என்பார்கள். துணிக்குப் பேரம் பேச மாட்டார்கள், பசைக்குப் பேரம் பேச மாட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத அந்த அரை நாளில்தான் கை வைப்பார்கள். கடைக்காரனும் மனுஷன். எதற்குக் கூலி இல்லையோ அதை விட்டுவிடுவான். அப்படி விட்டுவிட்ட அரை நாள்தான் உங்கள் வண்டிகளில் பின்னாகவும் பொத்தானாகவும் தொங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒட்டிக் கொடுக்கிற காசைக் கூட்டிப் பாருங்கள், நல்ல வேலைக்கு எப்போதோ கொடுத்திருப்பீர்கள்.

வண்டியை இரண்டு நாள் நிறுத்தினால் சவாரி போகும் என்பது எனக்குத் தெரியாததில்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம். ஆனால் இவற்றுக்கு நடுவில் வெறுமனே நிற்கிற நாட்களும் உங்களுக்கு உண்டு. அப்படி ஒரு இரண்டு நாளைப் பங்குனிக்கு முன்னால் ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், ஈரத்தில் பசை பதம் தப்பும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராத்தியர் காலக் கோட்டைகள் என்று 12 கோட்டைகள். அதில் 11 மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும். கல்யாண மகாலைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் திண்டிவனத்தில் இறங்கி உங்கள் வண்டியில்தான் ஏறப்போகிறார்கள். வண்டி பழசு என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எஃப்.சி. வாங்கி, டயர் நன்றாக இருந்து, என்ஜின் இழுத்தால் அது நல்ல வண்டி. ஆனால் வந்தவர் தலையில் பின் குத்தக் கூடாது. சடன் பிரேக் போட்டால் அந்த 23 பின்னில் ஒன்று ஒரு குழந்தையின் கண்ணுக்குப் போய்விடக் கூடாது. அன்று என் பேத்தி அதன் நேர் கீழே மடியில் படுத்துத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஆகவே இரண்டே வேண்டுகோள். பின்களையெல்லாம் இன்றைக்கே பிடுங்குங்கள். வேலை வைக்க நாளாகும் என்றால் துணியை மொத்தமாக உரித்து, மாவைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வெறும் பலகையோடு ஓட்டுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியும். பிறகு குஷன் கடைக்குப் போகும்போது "எப்போது கிடைக்கும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "பலகையைக் கழற்றி முழுசாகச் சுரண்டித்தானே போடுவீர்கள்?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், துணி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை போய் உங்கள் உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பாருங்கள். கை சுத்தமாக வந்தால் அந்த அரை நாள் கூலியைப் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டுகளைத் தைத்த பழைய குஷன் கடைக்காரன்,
செஞ்சி.